ரிச்மண்ட் என்ற பெயர் போன வழி

அவையோருக்கு வணக்கம்.

உலக வரைபடத்தில் ரிச்மண்ட் என்று தேடினால் இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று வரிசையாக வந்து நிற்கும். இலங்கையின் காலி நகரில் ரிச்மண்ட் கல்லூரி இருக்கிறது. இத்தனை பெயர்களும் வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் ரிச்மண்டிலிருந்து நேரே கிளம்பியவை என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அவர்களோடு வந்தவர், இன்றைய பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரித்தானிப் பகுதியின் பிரபு ஆலன் ரூஃபஸ். அவர், 1071 வாக்கில் யார்க்‌ஷயரில் ஸ்வேல் ஆற்றங்கரைக் குன்றின்மேல் கோட்டை எழுப்பத் தொடங்கினார். ரிச்மண்ட் என்பது பிரெஞ்சுப் பெயர். வலுவான குன்று என்று பொருள். நார்மானியர் வந்த நார்மண்டியில் ரிஷ்மோன் என்ற ஊர் முன்பே உண்டு. யார்க்‌ஷயர்க் கோட்டையின் பெயரே நாளடைவில் பிரபுப் பட்டமும் ஆயிற்று. இங்கேதான் திருப்பம். பட்டம் யாரிடம் போகிறதோ, பெயரும் அவரோடு போகும்.

1497 கிறிஸ்துமஸ் சமயத்தில், தேம்ஸ் கரையிலிருந்த ஷீன் அரண்மனை எரிந்தது. அரியணை ஏறுமுன் ரிச்மண்ட் பிரபுவாக இருந்த ஏழாம் ஹென்றி, திரும்பக் கட்டிய அரண்மனைக்குத் தம் பழைய பட்டத்தையே சூட்டினார். 1501 வாக்கில் ஷீன், ரிச்மண்ட் ஆனது. யார்க்‌ஷயர் ஊரிலிருந்து இது 200 மைலுக்கும் அப்பால்!

அந்தத் தேம்ஸ் ரிச்மண்டில் ஒரு மேடு உண்டு. மேலே நின்றால், ஆறு மரங்களுக்கிடையே வளைந்து செல்வது தெரியும். இங்கிலாந்தில் வளர்ந்த வில்லியம் பேர்ட், 1737இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் நகருக்கு மனை அளக்கச் செய்தார். அங்குள்ள மேட்டிலிருந்து தெரிந்த ஆற்று வளைவு தேம்ஸை அப்படியே நினைவூட்டியது; ரிச்மண்ட் என்றே பெயர் வைத்தார். 1780இல் அது வர்ஜீனியாவின் தலைநகரம். லிபி ஹில் பூங்காவிலிருந்து இன்றும் அந்த வளைவைப் பார்க்கலாம். எவ்வளவு அழகான காரணம்! மெல்போர்ன் ரிச்மண்டுக்கும் இந்தத் தேம்ஸ் மேடுதான் தாய்.

ஆகவே ஒரு ரிச்மண்டின் வேரைத் தேடுபவர் முதலில் பெயர் சூட்டிய ஆண்டைப் பிடியுங்கள். அடுத்து, சூட்டியவர் யார், அவருக்கு மேல் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று பாருங்கள். ஊர் ஆற்றோரம் இருக்கிறது என்பதை மட்டும் சான்றாகக் கொள்ள வேண்டாம். பழைய ஊர்களில் பெரும்பாலானவை ஆற்றோரம்தான். கனடாவின் ஒண்டாரியோவிலுள்ள ரிச்மண்ட் 1818இல் படைவீரர்களுக்காக உண்டான குடியேற்றம். அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்தவர் நான்காம் ரிச்மண்ட் டியூக். அங்கே தேம்ஸின் சாயலைத் தேடுவது வீண் வேலை.

இந்த டியூக் பட்டம் 1675இல் இரண்டாம் சார்லஸ் தம் மகன் சார்லஸ் லெனாக்ஸுக்குக் கொடுத்தது. அந்த முதல் டியூக்கின் பெயரால் 1683இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு ரிச்மண்ட் கவுண்டி ஆனது. நகராட்சிப் பிரிவின் பெயரை 1975இல் ஸ்டேட்டன் தீவு என்று மாற்றிவிட்டார்கள். கவுண்டியின் பெயர் இன்றும் ரிச்மண்ட்தான்.