வாசனை சாட்சி சொல்லக் கூடாது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமைத் துணியைக் கொடியில் போட்டுவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"சலவைத் தூளைத் தேர்ந்தெடுக்க வேண்டியது வெளுக்கும் திறனுக்காகவா, வாசனைக்காகவா?" இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா மூன்று வாதங்களை வைத்தார். கடையில் பாக்கெட்டை முகர்ந்து பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை என்றார். இன்றைக்கு எல்லாத் தூளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வெளுக்கிறது, வேறுபடுவது மணம் மட்டுமே என்றார். கடைசியாக, துவைப்பது என்ற அலுப்பான வேலையில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் ஒரே சந்தோஷம் அந்த மணம்தான் என்றார். கைதட்டல் அதிகம் விழுந்தது மூன்றாவதற்குத்தான். ஆகவே அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதல் வாதத்தை நான் மறுக்கவில்லை. முகர்ந்துதான் வாங்குகிறோம். அதுதான் கோளாறே. வீட்டுக்குப் போனதும் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கை தூளைப் போட்டுக் கலக்குங்கள். இரண்டு நாள் போட்ட பனியனை அதில் முக்கி, கசக்காமல், பிரஷ் போடாமல், உடனே எடுத்து ஒருமுறை அலசிக் காயப்போடுங்கள். மாலையில் முகர்ந்து பாருங்கள், மணக்கும். அக்குள் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், மஞ்சள் அப்படியே இருக்கும். அழுக்கு போனாலும் மணக்கிறது, போகாவிட்டாலும் மணக்கிறது என்றால் அந்த மணம் எதற்குச் சான்று? துணியின்மீது தூள் பட்டது என்பதற்குத்தான். வழக்கில் ஒரு கட்சிக்காரரிடம் காசு வாங்கிக்கொண்டு கூண்டேறி, அவருக்காகவே சாட்சி சொல்பவரைப் போன்றது இந்த வாசனை. அந்தச் சாட்சியத்தை நடுவர் ஏற்கக் கூடாது என்பதுதான் என் முதல் விண்ணப்பம்.

இந்தச் சாட்சி பாக்கெட்டுக்குள் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது தெரியுமா? சலவைத் தூளில் வாசனைப் பொருள் பொதுவாக நூற்றில் ஒரு பங்குக்கும் கீழேதான். துணியை வெளுக்கிற வேலையை மற்றவைதான் செய்கின்றன. எண்ணெயையும் தண்ணீரையும் ஒன்றுசேர வைத்து அழுக்கைப் பெயர்த்தெடுக்கிற வேதிப்பொருள் ஒன்று. அதற்கான மூலப்பொருளான லீனியர் ஆல்கைல் பென்சீனை நம் மணலியிலேயே தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் தயாரிக்கிறது. தண்ணீருக்குக் காரத்தன்மையைத் தருகிற சலவை சோடா இன்னொன்று. போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடுகிற பொருள் மற்றொன்று. இவையெல்லாம் மணக்காது. மணக்காததால் பாக்கெட்டின் முகப்பில் இவற்றுக்கு இடமும் கிடைக்காது. அங்கே ரோஜாவும் மல்லிகையும் பூத்துக் குலுங்கும்.

அக்காவின் இரண்டாவது வாதம், எல்லாத் தூளும் ஒன்றுதான் என்பது. அக்கா, நீங்கள் நன்றாகச் சமைப்பவர் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். உங்கள் வீட்டுத் துணியில் விழுவது ஒரே கறையா? குழந்தை வாயோரம் வழிந்த பால், முழங்கால் சிராய்த்து வந்த ரத்தம், இவை புரதம். வேட்டியில் சிந்திய கஞ்சி மாவுச்சத்து. தலையணை உறையில் தேங்காய் எண்ணெய், காலரில் கழுத்து எண்ணெய், இவை கொழுப்பு. மூன்றும் மூன்று ஜாதி. புரதத்தை வெட்டிச் சின்னதாக்க ஒரு என்சைம் வேண்டும், மாவுச்சத்துக்கு வேறொன்று, கொழுப்புக்கு இன்னொன்று. ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்ற வேதியியலாளர் விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த என்சைமைத் துணி வெளுக்கப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றது 1913ஆம் ஆண்டில். நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இன்றும் என்சைம் சேர்த்த தூளும் உண்டு, சேர்க்காத தூளும் உண்டு. இரண்டையும் முகர்ந்து பார்த்து எது எது என்று உங்களால் சொல்ல முடியுமா? பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்தால்தான் தெரியும். அதைப் படிக்கக் கண் வேண்டும், மூக்கு போதாது.

ஒரு சாம்பார்க் கறையை எடுத்துக்கொள்வோம். வெள்ளைச் சட்டையில் மஞ்சள் விழுந்ததும் பதறிப்போய்ச் சோப்புப் போடுகிறோம். உடனே மஞ்சள் போய் ரத்தச் சிவப்பாகிறது. சோப்பு கெடுதல் என்று திட்டுகிறோம். பாவம் சோப்பு! மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தைக் கண்டால் சிவக்கும், அது அதன் குணம். அலசினால் மறுபடியும் மஞ்சளாகும். அதற்குப் பிறகு நல்ல வெயிலில் காயப்போட்டால், குர்குமின் வெளிச்சம் தாங்காது, வெளுத்துக்கொண்டே போகும். இந்தக் கறையில் காரத்துக்கு ஒரு பங்கு உண்டு, எண்ணெயைப் பிரிக்கிற பொருளுக்கு ஒரு பங்கு உண்டு, சூரியனுக்கு ஒரு பங்கு உண்டு. மல்லிகைக்கு என்ன பங்கு? அக்கா சொல்லட்டும்.

காரத்தைப் பற்றிச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. புறநானூற்றில் ஒரு வீரனைப் பாட வந்த புலவர், அவன் ஆடையை எப்படிச் சொல்கிறார்? களர்நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் நாள்தோறும் வெளுத்த 'தூவெள் அறுவை', அதாவது தூய வெள்ளை ஆடை என்கிறார். களர்நிலத்து நீர் என்றால் உப்பும் காரமும் கலந்த நீர். வேதியியல் படிக்காத காலத்திலேயே எந்த நீரில் அழுக்கு போகும் என்று தெரிந்திருக்கிறது. அந்தத் துணி என்ன மணம் மணந்தது என்று புலவர் சொல்லவில்லை. பூவைப் பாடத் தெரியாதவர்களா சங்கப் புலவர்கள்? பிற்காலத்தில் உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்தவர்களும் அதே காரத்தையும் ஆவியையும்தான் நம்பினார்கள்.

சரி, பழங்கதை வேண்டாம், கடைக் கணக்குக்கு வருவோம். 1959இல் ஹிந்துஸ்தான் லீவர் நம் நாட்டுக்கு சர்ஃப் தூளைக் கொண்டுவந்தது. அதன் விலை பல வீடுகளுக்கு எட்டாதது. பத்து ஆண்டு கழித்து, 1969இல், அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் என்ற அரசுப் பணியாளர் தம் வீட்டிலேயே தூள் கலந்து, சைக்கிளில் கொண்டுபோய் வீடு வீடாக விற்றார். அதுதான் நிர்மா. வாசனைக்கென்று தனியாக எதையும் சேர்க்காத மஞ்சள் தூள். விலையோ அந்தப் பெரிய தூளில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. 1980களில் விற்பனையில் அது அந்தப் பெரிய தூளையே முந்தியது. ஆமாம், அதன்பிறகு 1987இல் அதே லீவரின் வீல் தூள் வந்தது, எலுமிச்சை மணமும் வந்தது என்று எதிரணி சொல்லும். நான் கேட்பது வேறு. எங்கள் மக்கள் மணத்துக்காகத்தான் வாங்குகிறார்கள் என்றால், மணமில்லாத ஒரு தூள் இந்த நாட்டுக் கிணற்றடிகளையும் குழாயடிகளையும் எப்படிப் பிடித்தது?

நடுவர் அவர்களே, இந்த இடத்தில் என் அணியையே நான் கொஞ்சம் கண்டிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் அணித் தலைவர் "வெண்மை, வெண்மை" என்று பேசினார். எல்லா வெண்மையும் சுத்தமல்ல. பல தூள்களில் ஒளிரூட்டி என்ற ஒன்றைச் சேர்க்கிறார்கள். அது அழுக்கைத் தொடாது. துணியில் ஒட்டிக்கொண்டு, வெயிலில் உள்ள புறஊதா ஒளியை வாங்கி, நீல ஒளியாகத் திருப்பித் தரும். மஞ்சள் பாய்ந்த சட்டை நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். கல்யாண மண்டபத்தில் ஊதா விளக்குப் போட்டுப் பாட்டுக் கச்சேரி நடக்கும்போது, முன்வரிசை மாமாவின் சட்டை மட்டும் பளீரென்று ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தெரிவது இதுதான். அந்தக் காலத்து நீலமும் இதே தந்திரம்தான், அது மறைக்காமல் தன் பெயரையே நீலம் என்று சொல்லிக்கொண்டது. வாசனை மூக்குக்குச் செய்வதை ஒளிரூட்டி கண்ணுக்குச் செய்கிறது. நான் வாதாடுவது அழுக்கு போவதற்காக; போனது போல் தெரிவதற்காக அல்ல.

அப்படியானால் எப்படித்தான் ஒப்பிடுவது என்று கேட்கலாம். பழைய வெள்ளை வேட்டி ஒன்றை ஒரே அளவுத் துண்டுகளாகக் கிழித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் சாம்பார் ஒரு சொட்டு, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு, காபி ஒரு சொட்டு, ஓரிரவு காயட்டும். ஒரே தண்ணீர், ஒரே எடை தூள், ஊறுவதற்கு ஒரே நேரம். எந்தத் தூள் என்பதைத் துண்டின் மூலையில் நூலால் அடையாளம் போட்டுவிட்டு, துவைக்காத ஒருவரைக் கூப்பிட்டுப் பகல் வெளிச்சத்தில் வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். நிறுவனங்களின் சோதனைக்கூடத்திலும் அடிப்படையில் இதுதான் நடக்கிறது. அங்கே அழுக்கேற்றிய துணியை விலைக்கே வாங்குகிறார்கள், கண்ணுக்குப் பதிலாக ஒளியை அளக்கும் கருவி இருக்கிறது. மணத்தை அதற்குப் பிறகு பாருங்கள், தனியாக, காய்ந்த துணியில். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் மூக்கு முந்திக்கொண்டு தீர்ப்பு எழுதிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு வருவோம், அதுதான் உண்மையான பரீட்சை. வெயில் இல்லை, கூடத்தில் கயிறு கட்டி, மின்விசிறிக்குக் கீழே துணி காய்கிறது. இரண்டாம் நாள் ஒரு ஈர நாற்றம் எழும்புகிறது. அப்போதுதான் நம் வீடுகளில் வாசனைத் திரவம் இன்னொரு மூடி சேர்கிறது. அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் தேடி, 2012இல் வெளியிட்டார்கள். மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா. துணியில் மிச்சம் நிற்கிற வியர்வை, எண்ணெய்ப்பசையில் வாழ்ந்து, ஒரு புளித்த அமிலத்தை வெளிவிடுகிறது. துவைத்துக் காயவைத்தாலும் எளிதில் சாகாத ஜென்மம். அதற்குச் சாப்பாடு போடுவது யார்? சரியாகப் போகாத அழுக்கு. வாசனையைக் கூட்டுவதால் அதன் சாப்பாட்டில் ஒரு பருக்கைகூடக் குறையாது. இரண்டு நாற்றமும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று வரும், அதை அனுபவித்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள்.

துணிக்கு நல்ல மணமே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில், வெறும் தண்ணீரில் அலசிய துண்டுகளை அறைக்குள்ளும், வெளியே நிழலிலும், வெயிலிலும் காயவைத்துப் பார்த்து, 2020இல் எழுதினார்கள். வெயிலில் காய்ந்த துண்டில் மட்டும் ஒரு கூட்டம் மணப்பொருள்கள் உருவாகியிருந்தன: ஏலக்காயில் இருக்கிற பென்டனல், எலுமிச்சை வகைப் பழங்களில் இருக்கிற ஆக்டனல், ரோஜாவை நினைவூட்டும் நானனல். ஏலக்காய், எலுமிச்சை, ரோஜா, மூன்றும் ஓசியில்! மொட்டை மாடிச் சாவியை வைத்திருக்கிற குடியிருப்புச் சங்கச் செயலாளர் மனம்வைத்தால் போதும்.

இப்போது அக்காவின் மூன்றாவது வாதம். துவைப்பவளின் ஒரே சந்தோஷம் அந்த மணம் என்றார். கேட்டு எனக்கும் மனம் இளகியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் துவைப்பவள் கஷ்டப்படுவது எங்கே? பள்ளிச் சீருடையின் காலரைக் கல்லில் விரித்து, இடது கையால் அழுத்திக்கொண்டு, வலது கையில் பிரஷை வைத்துத் தேய்க்கிறாளே, அங்கே. ஒருமுறை தேய்த்து, தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறாள்; கறுப்புக் கோடு போகவில்லை. மறுபடியும் சோப்பு, மறுபடியும் தேய்ப்பு. விரல் இடுக்கு வெந்து எரிகிறது. தோள்பட்டை இழுக்கிறது. அரைமணி நேரம் ஊறவைத்தால் அந்தக் கோடு தானாக இளகுகிற தூளை அவளுக்குக் கொடுங்கள். பத்துத் தேய்ப்பு மூன்றாகட்டும். மீதி நேரத்தில் அவள் உட்கார்ந்து சூடாக ஒரு காபி குடிக்கட்டும், அதுவும் மணக்கும்தானே? கையை எரியவிட்டுவிட்டு மூக்குக்கு ஆறுதல் சொல்வதைச் சந்தோஷம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துவைப்பது பெண்ணின் வேலை என்று எதிரணி முடிவுகட்டியதையும் நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த மணமே சிலருக்கு வினையாகிறது. லிமோனீன், லினலூல் போன்ற வாசனைப் பொருள்கள் சிலர் தோலுக்கு ஒவ்வாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகையவை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் பெயரைச் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சில திரவங்களில் வாசனையைக் கண்ணுக்குத் தெரியாத நெகிழி உறைகளுக்குள் அடைத்துவைக்கிறார்கள். சட்டையை உதறும்போது உறை உடைந்து மணக்கும். அந்த நுண்ணெகிழி தண்ணீரோடு போய்ச் சேருகிறது என்பதால் 2023இல் அங்கே அதற்கும் தடை விதித்து, மாற்றிக்கொள்ள 2029 வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். பிறந்த குழந்தையின் துணிக்கு வாசனைத் தூள் போடலாமா என்று எதிரணியில் இருக்கும் பாட்டியையே கேளுங்கள், அவர் என் பக்கம் வந்துவிடுவார்.

மணி அடிக்கப் போகிறது என்று நடுவரின் கை சொல்கிறது. அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி. நாளைக் காலை உங்களுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு. இரண்டு வெள்ளைச் சட்டைகள் தேய்த்துத் தயாராக இருக்கின்றன. ஒன்று மணக்கவே இல்லை, காலர் சுத்தம். மற்றது லாவெண்டர் தோட்டமே வந்து இறங்கியது போல் மணக்கிறது, பையில் சாம்பார்க் கறை. எதைப் போட்டுக்கொண்டு போவீர்கள்? பதிலை நடுவரைப் பார்த்துச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.