பின்வரிசையில் உட்கார ஓர் ஆசிரியர் வேண்டும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, கல்வியியல் கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, பயிற்சிப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களே, நாளைய ஆசிரியச் செல்வங்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம். இந்த வெயிலிலும் முதல் ஆளாக வந்து, பந்தல் வேலையையும் முன்னின்று கவனித்த பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவருக்கு என் தனி நன்றி.

மாலத்தீவில் நான் பணியாற்றிய காலத்தைப் பற்றிப் பேசப் பணித்தார்கள். மொழி, தனிமை, பயிற்சி மாணவர்கள் என்ற மூன்றைப் பற்றியும் சொல்கிறேன்.

ஏறத்தாழ 1,200 தீவுகள் கொண்ட நாடு அது. மக்கள் வாழ்வது 200-க்கும் குறைவான தீவுகளில்தான். வெளித்தீவுப் பள்ளிகளில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போன ஆசிரியர்கள் நிறைய. சொந்த நாட்டு ஆசிரியர்களை உருவாக்கும் வேலையும் கூடவே நடந்தது. அந்தப் பயிற்சி மாணவர்கள் எங்களிடம்தான் வந்தார்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அதை நான் கண்ணால் கண்டது தெற்கே ஹுவாது பவளத்தீவுக் கூட்டத்தில். தலைநகர் மாலேயிலிருந்து வந்த ஒரு பயிற்சி மாணவி 'நீர்' பாடம் எடுத்தாள். மலையிலிருந்து ஆறு இறங்கிவரும் படத்தை இரவெல்லாம் வரைந்திருந்தாள். மலையும் ஆறும் இல்லாத நாடு அது! பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. ஒரு சிறுமி மட்டும் எழுந்து ஏதோ சொன்னாள். தெற்குத் தீவுகளின் பேச்சு மாலேக்காரர்களுக்கு எளிதில் பிடிபடாது. பக்கத்துப் பையன்தான் விளக்கினான்: "கடல் ஏறினால் எங்கள் கிணறும் ஏறும் என்கிறாள்." பயிற்சி மாணவி, "அது பாடத்தில் இல்லை, உட்கார்" என்றாள்.

பின்வரிசையில் இருந்த நான் எதுவும் பேசவில்லை. மாலையில் அவளைக் கரையோரக் கிணற்றுக்கு அழைத்துப்போனேன். கடல் வற்றியிருந்தது. நூலில் கல்லைக் கட்டி இறக்கி, தண்ணீர் தொட்ட இடத்தில் முடிச்சுப் போட்டாள். கடல் ஏறிய பிறகு மறுபடியும் அளந்தோம். இரண்டாவது முடிச்சு நான்கு விரற்கடை தள்ளி விழுந்தது. அங்கே மழைநீர் பவள மணலுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் ஏறும்போது அதையும் சேர்த்துத் தூக்குகிறது. மறுநாள் அந்த நூலைச் சிறுமியின் கையில் கொடுத்து அவளையே விளக்கச் சொன்னாள் பயிற்சி மாணவி. சிறுமி தன் பேச்சில் சொல்லச் சொல்ல, இவள் ஆங்கிலத்தில் பலகையில் எழுதினாள். வீட்டுக் கிணற்றை அளக்க எல்லாப் பிள்ளைகளும் நூல் கேட்டு, பள்ளியின் தையல் நூற்கண்டே தீர்ந்துபோனது.

அன்று நான் பின்வரிசையில் உட்கார முடிந்ததற்குக் காரணம் ஒன்றுதான். பயிற்சி மாணவர்களுக்காக என் பாடவேளைகளில் சிலவற்றைத் தலைமையாசிரியர் குறைத்திருந்தார்.

இங்கே என்ன நிலை? தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டுகளாக்கி, பள்ளிப் பயிற்சியை 20 வாரமாக்கின. நல்ல ஏற்பாடு. ஆனால் நான் பார்த்த பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியருக்கு ஒரு பாடவேளைகூடக் குறையவில்லை. பயிற்சி மாணவர்களை ஆசிரியர் வராத வகுப்புக்கு அனுப்பிவிட்டு, கடைசி நாளில் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறோம். ஏட்டுச் சுரைக்காயை நாமே பயிரிடுகிறோம், ஐயா!

தனிமையைப் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் மணியைப் பார்க்கிறார். வழிகாட்டி ஆசிரியருக்கு வாரம் இரண்டு பாடவேளையாவது ஒதுக்க வேண்டும், பயிற்சி மாணவரைத் தனியே வகுப்புக்கு அனுப்பக் கூடாது என்று கோரும் மனு வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. கல்வி அலுவலர் அவர்கள் இன்றே பெற்றுக்கொள்ள இசைந்திருக்கிறார்கள். சாப்பிடப் போகுமுன் அனைவரும் கையெழுத்திடுங்கள். நன்றி, வணக்கம்.