செயின் டிராக்டர் வாங்குகிறவர் முதலில் குனிந்து பார்க்க வேண்டும்

வணக்கம் நேயர்களே. பழைய செயின் டிராக்டர்களை வாங்கிச் சரிசெய்து ஓட்டுவது பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். இதைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், நிலையத்தாருக்குத் தெரியாது போலிருக்கிறது. சரி, கொடுத்த நேரத்துக்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

இங்கே கலிபோர்னியாவில் ஸ்டாக்டன், லோடை, மொடெஸ்டோ பக்கம் கொஞ்சம் நிலத்தோடு வீடு வாங்கியிருக்கிற நம்மவர்கள் சிலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். பக்கத்துத் தோட்டக்காரரின் கொட்டகைக்குப் பின்னால் புல் மூடி கேட்டர்பில்லர் கம்பெனியின் பழைய செயின் டிராக்டர் ஒன்று நிற்கிறது, சல்லிசாகத் தருகிறேன் என்கிறார், என்ஜினைக் கையால் சுற்றினால் சுற்றுகிறது, வாங்கலாமா? என்ஜின் கிடக்கட்டும், செயின் எப்படி இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்குப் பெரும்பாலும் பதில் வராது, ஏனென்றால் யாரும் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்ததே அதுதான்: இந்த வண்டியில் பணத்தை விழுங்குவது மேலே இருக்கிற என்ஜின் அல்ல, கீழே இருக்கிற செயின்.

செயின் டிராக்டர் என்றால் எது என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் நிலத்தைச் சமன்செய்ய வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்கு எடுப்பார்களே, புல்டோசர், அதன் முன்பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டால் மிச்சம் நிற்பது இதுதான். சக்கரத்துக்குப் பதில் இரண்டு பக்கமும் இரும்புச் செயின், ஸ்டியரிங் கிடையாது, இரண்டு லீவர்.

இது ஸ்டாக்டனில் வளர்ந்ததற்குக் காரணம் இந்த ஊர் மண். சாக்ரமென்டோ, சான் வாக்கீன் ஆறுகள் கூடுகிற டெல்டா நிலம் நாணல் மக்கி மக்கி உண்டான கறுப்பு மண், மெத்தென்று இருக்கும், அந்தக் காலத்தில் குதிரையே புதைந்துவிடும் என்பதால் அதன் குளம்புக்கு அகலமான மரக் கட்டையை மாட்டி ஏர் ஓட்டினார்கள். நீராவி டிராக்டர் வந்தபோது அது குதிரையைவிட மோசமாகப் புதைந்தது. சக்கரத்தை அகலமாக்கினார்கள், இன்னும் அகலமாக்கினார்கள், கடைசியில் பெஞ்சமின் ஹோல்ட்டின் தொழிற்சாலையில் மொத்தம் 46 அடி அகலத்துக்கு ஒரு வண்டி செய்யும் அளவுக்குப் போய்விட்டது. அதை வைத்துக்கொண்டு எந்த வாய்க்கால் பாலத்தைத் தாண்டுவது? அப்புறம்தான் ஹோல்ட் ஒரு நீராவி டிராக்டரின் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மரப் பலகைகளைச் சங்கிலியில் வரிசையாக முடுக்கிய ஒரு பட்டையை மாட்டினார். 1904 நவம்பர் 24, இங்கே நன்றி நாள் விடுமுறை, அன்றைக்கு அதை ஓட்டிச் சோதித்தார்கள், புதையவில்லை. இங்கிலாந்தில் கிரான்தம் ஊரில் ஹார்ன்ஸ்பி நிறுவனத்தில் டேவிட் ராபர்ட்ஸ் என்பவரும் ஏறக்குறைய அதே சமயத்தில் இதே வேலையில்தான் இருந்தார், அவர்களுடைய காப்புரிமையைப் பின்னால் ஹோல்ட் நிறுவனமே விலைக்கு வாங்கிக்கொண்டது. முதல் உலகப்போரில் ஹோல்ட் டிராக்டர்கள் பீரங்கி இழுத்தன, அதைப் பார்த்துத்தான் டாங்கி யோசனையே சிலருக்கு வந்தது, அது வேறு கதை. சான் லியாண்ட்ரோவில் இருந்த சி. எல். பெஸ்ட் நிறுவனம் ஹோல்ட்டுக்குப் பெரிய போட்டி, வழக்கு மேல் வழக்கு, கடைசியில் 1925இல் இரண்டும் சேர்ந்து கேட்டர்பில்லர் டிராக்டர் கம்பெனி ஆனது.

என்னிடம் இருப்பது கேட்டர்பில்லர் டி2. இந்த மாடல் 1938 முதல் 1957 வரை வந்தது, சின்ன வண்டி, சின்னது என்றாலும் மூன்று டன்னுக்கு மேல் எடை, நான்கு சிலிண்டர் டீசல். பழத்தோட்டக்காரர்கள் விரும்பி வாங்கியதால் கலிபோர்னியாவில் இன்னும் நிறையக் கிடைக்கிறது, புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு நான் சொல்வதும் இதைத்தான். சீரியல் எண்ணின் முன்னால் 4யு என்று இருந்தால் ஒரு செயினின் நடுவிலிருந்து மற்ற செயினின் நடு வரை 40 அங்குலம், 5யு என்றால் 50 அங்குலம், இரண்டும் 1947க்குப் பிறகு வந்தவை. அதற்கு முன்னால் வந்தவை 3ஜே, 5ஜே. அகலமானது சரிவில் கொஞ்சம் நிதானமாக நிற்கும், முடிந்தால் 5யு பாருங்கள். கவிழ்ந்தால் காப்பாற்றுகிற கூண்டு எதுவும் இந்தப் பழைய வண்டிகளில் கிடையாது என்பதையும் மனதில் வையுங்கள்.

சரி, இப்போது குனியுங்கள். செயின் என்பது இணைப்புகள், அவற்றைக் கோக்கிற இரும்பு ஆணி, அதைத்தான் பின் என்பார்கள், அந்தப் பின்னைச் சுற்றி புஷ் என்கிற ஒரு குழாய், வெளியே மண்ணில் பதிகிற ஷூ என்கிற தகடு. பின்னால் இருக்கிற பல்சக்கரம் இழுக்கும்போது அதன் பல் புஷ்ஷின் ஒரு பக்கத்தில்தான் எப்போதும் உரசுகிறது, உள்ளே பின்னும் ஒரு பக்கமாகத்தான் தேய்கிறது. ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை தேய்ந்தாலே மொத்தச் செயினும் நீண்டுவிடும், நீண்ட செயின் பல்லில் சரியாக உட்காராது, உட்காராத செயின் பல்லைத் தின்னும். பல்சக்கரத்தின் பல் நுனி ஊசி போலக் கூர்மையாகி இருந்தால் கதை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் ஐட்லரை, அதாவது செயின் சுற்றி வருகிற முன்சக்கரத்தை, தள்ளி செயினை இறுக்குகிற திருகு கடைசிவரை வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள், வந்திருந்தால் இனி இறுக்க இடமில்லை. செயினைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், பாம்பு மாதிரி நெளிந்தால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. அப்புறம் செயின்மேல் உருண்டு வண்டியைத் தாங்குகிற ரோலரின் விளிம்பு, பின் உட்கார்ந்திருக்கிற புடைப்பில் உரசி அதைத் தேய்த்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. பின்னையும் புஷ்ஷையும் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் கழற்றி அரைவட்டம் திருப்பிப் போட்டால் தேயாத பக்கம் வேலைக்கு வரும், செயினுக்கு இரண்டாவது ஆயுள் கிடைக்கும். ஆனால் ஒரு தடவைதான். விற்கிறவர் அதை ஏற்கெனவே செய்துவிட்டாரா என்பதை அவர் சொல்ல மாட்டார், புஷ்ஷின் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தால் விரல் சொல்லிவிடும். எல்லாம் போய்விட்டது, புதுச் செயின், ரோலர், பல்சக்கரம் எல்லாம் போட வேண்டும் என்றால், பல நேரம் அந்தச் செலவில் இதே மாதிரி இன்னொரு டிராக்டரே நல்ல செயினோடு வாங்கிவிடலாம். நான் பார்த்த ஒரு வியாபாரி பளபளவென்று மஞ்சள் பெயிண்ட் அடித்து, சீட்டுக்குப் புதுத் தோல் தைத்து, தேய்ந்து கிடந்த செயினுக்கும் கறுப்பு பெயிண்ட் அடித்து நிறுத்தியிருந்தார். பெயிண்டுக்கு ஆன காசும் சேர்த்துத்தானே நம்மிடம் கேட்பார்!

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. செயினைப் பிரிக்க மாஸ்டர் பின் என்று ஒன்று இருக்கிறது, அதன் முனை மற்ற பின்களைப் போல இருக்காது. முதலில் இறுக்கத்தைத் தளர்த்தாமல் அதைத் தட்டக் கூடாது, தட்டும்போது கண்ணாடி போடாமல் கிட்டேயே போகக் கூடாது. சம்மட்டி அடியில் தெறிக்கிற இரும்புச் சில் தோட்டா மாதிரி.

செயினுக்கு அடுத்தது ஸ்டியரிங் கிளட்ச். இந்த வண்டி திரும்புவதே ஒரு பக்கச் செயினுக்குப் போகிற சக்தியைத் துண்டித்துத்தான், அதற்கு இரண்டு பக்கமும் அடுக்கு அடுக்காகத் தட்டுகள் கொண்ட உலர்ந்த கிளட்ச் இருக்கிறது. மழையில் வருஷக்கணக்காக நின்ற வண்டியில் சீட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் இறங்கி அந்தத் தட்டுகள் துருவில் ஒட்டிக்கொள்ளும். லீவரை இழுத்தால் வரும், வண்டி மட்டும் நேராகப் போய்க்கொண்டே இருக்கும். சிலர் அந்த அறையில் டீசலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றி ஊறவிட்டு, லீவரைப் பின்னுக்கு இழுத்துக் கட்டி, அந்தப் பக்க பிரேக்கை மிதித்தபடி ஓட்டி ஓட்டி விடுவித்துவிடுவார்கள். வந்தால் அதிர்ஷ்டம், வராவிட்டால் எரிபொருள் டாங்க், சீட் எல்லாம் தூக்கி முழுசாகத் திறக்க வேண்டியதுதான். திறந்தால் பழைய தட்டுகளின் லைனிங்கில் கல்நார் இருக்கலாம், காற்றடித்துத் தூசு பறக்கவிடாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

என்ஜின் பக்கம் வருவோம், இதில்தான் சுவாரசியம். டி2இல் பெரிய டீசலைக் கிளப்ப பேட்டரி, செல்ஃப் மோட்டார் எதுவும் இல்லை. பக்கத்திலேயே இரண்டு சிலிண்டர் உள்ள ஒரு குட்டி பெட்ரோல் என்ஜின் உட்கார்ந்திருக்கும், இங்கே அதைப் போனி என்பார்கள். அதன் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும், கயிற்றைக் கையில் மட்டும் சுற்றிக்கொள்ளாதீர்கள், திருப்பி உதைத்தால் விரல் போய்விடும். போனி ஓட ஆரம்பித்ததும் அவசரப்படக் கூடாது. இரண்டுக்கும் குளிர்விக்கிற தண்ணீர் ஒன்றுதான், அதனால் போனி சூடாகச் சூடாக டீசல் பிளாக்கும் சூடாகும், போனியின் புகைக்குழாயும் டீசலுக்குக் காற்று போகிற வழியாகவே ஓடி அந்தக் காற்றையும் சூடாக்கும். பிறகு போனியின் பல்லைப் பெரிய என்ஜினின் பல்லோடு கோத்து, போனியின் கிளட்சை மெதுவாக விட்டால், பெரிய என்ஜின் அழுத்தம் இல்லாமல் சும்மா சுற்றும். ஆயில் பிரஷர் முள் ஏறியதும் அழுத்த லீவரை ஓடுகிற நிலைக்குத் தள்ளினால் போனி முனகும், திணறும், விடாமல் சுற்றும். கொஞ்ச நேரம் கழித்து எரிபொருளைத் திறந்தால் ஒரு சிலிண்டர், அப்புறம் இன்னொன்று, அப்புறம் நான்கும். போனி தானாக விலகிக்கொள்ளும், அதன் பெட்ரோலை அடைத்து கார்புரேட்டர் காலியாகும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள், இல்லையென்றால் அடுத்த தடவை பிசின் பிடித்த கார்புரேட்டரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பழைய வண்டி கிளம்பாததற்குக் காரணம் பெரும்பாலும் டீசல் அல்ல, போனிக்குத் தீப்பொறி தருகிற மேக்னெட்டோவோ கார்புரேட்டரோதான்.

ரொம்ப நாள் நின்ற வண்டியை முதல்முறை கிளப்புவதற்கு முன்னால் டீசல் பம்பில் எரிபொருள் அளவை மாற்றுகிற தண்டு சுலபமாக நகர்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது முழுத் திறப்பில் ஒட்டிக்கொண்டிருந்தால் என்ஜின் பிடித்த பிடியில் வேகம் ஏறிக்கொண்டே போகும், த்ராட்டிலைக் குறைத்தாலும் கேட்காது. அதற்காகத்தான் காற்று போகிற வாயை மூட ஒரு பலகையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஆள் பக்கத்தில் நிற்பார்.

ஓட்டுவதில் ஒரு விஷயம் புதியவர்களைப் பயமுறுத்தும். சமதளத்தில் இடது லீவரை இழுத்தால் இடது பக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்தில் அதே லீவரை இழுத்தால் வலது பக்கம் போகும்! காரணம் எளிது: இறக்கத்தில் என்ஜின்தான் வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது, இடது கிளட்சை விட்டதும் இடது செயினுக்கு அந்தப் பிடி போய்விடுகிறது, அது தறிகெட்டு வேகமாக உருளும், வண்டி வலது பக்கம் வளையும். அதனால் இறக்கத்தில் மெதுவாகத் திரும்ப எதிர்ப்பக்க லீவரை இழுக்க வேண்டும், இல்லையென்றால் லீவரோடு சேர்த்து அதே பக்க பிரேக்கையும் மிதிக்க வேண்டும். மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் இதைச் சின்னச் சரிவில் பழகிக்கொள்ளுங்கள்.

நிறம் பற்றி நிறையப் பேர் சண்டை போடுவார்கள். கேட்டர்பில்லர் 1931 கடைசிவரை சாம்பல் நிறம், சிவப்பு எழுத்து, அதன் பிறகுதான் மஞ்சள். டி2க்கு மஞ்சள்தான், சரி. ஆனால் என் கருத்து, வேலை செய்கிற வண்டிக்குப் பெயிண்ட் கடைசி. கசிவு நிற்கட்டும், செயின் நேராகட்டும், அப்புறம் அடிக்கலாம், அடிக்காமலும் இருக்கலாம்.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது டிரெய்லரின் இரும்புச் சாய்தளத்தில் இரும்புச் செயின் பிடிக்காது, மழை ஈரம் இருந்தால் மூன்று டன்னும் பக்கவாட்டில் வழுக்கும், மரப் பலகை போட்டு ஏற்றுங்கள். வந்ததும் முதல் வேலையாக நிமிர்ந்து நிற்கிற இரண்டு புகைக்குழாய்களுக்கும் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள். அந்த டப்பா இல்லாமல் மழைத்தண்ணீர் இறங்கி பிஸ்டன் பிடித்துப்போன என்ஜின்கள்தான் இந்தப் பள்ளத்தாக்கில் பாதி.

வாங்குகிற எண்ணம் இல்லாதவர்களும் ஸ்டாக்டனில் ஹாகின் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பாருங்கள், ஹோல்ட் காலத்து இயந்திரங்களை அங்கே வைத்திருக்கிறார்கள். வாங்குகிற எண்ணம் இருப்பவர்கள் சீரியல் எண், பல்சக்கரத்தின் பல், இறுக்குகிற திருகு, இந்த மூன்றையும் போட்டோ எடுத்து நிலையத்துக்கு அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன். என்ஜின் ஓடுகிற வீடியோ வேண்டாம். நன்றி, வணக்கம்.