ஒரு கவிஞரின் பெயர் எம்.எல்.ஏ.வைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லானது எப்படி?

வணக்கம், நண்பர்களே. பிலிப்பைன்ஸின் ஆங்கில நாளிதழ்களைப் புரட்டினால் தலைப்புகளில் அடிக்கடி 'சோலன்' என்ற சொல் தென்படும். சோலன் எதிர்த்தார், சோலன் கோரினார் என்று வரும். யார் அந்தச் சோலன் என்று தேடாதீர்கள். சட்டம் இயற்றும் உறுப்பினர் எவரும் அங்கே சோலன்தான்! அமெரிக்கப் பத்திரிகைகளிலும் இந்த வழக்கம் உண்டு.

காரணம், இடநெருக்கடி. 'லெஜிஸ்லேட்டர்' ஆங்கிலத்தில் 10 எழுத்து, சோலன் 5 எழுத்து. நம் நாளிதழ்கள் 'சட்டமன்ற உறுப்பினர்' என்பதை எம்.எல்.ஏ. என்று சுருக்குகின்றன அல்லவா, அதே கதை.

ஆனால் சோலன் உண்மையில் வாழ்ந்த மனிதர். கி.மு. 594இல் கிரேக்க நகரமான ஏதென்ஸின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர், கவிஞரும்கூட. அப்போது ஏழை உழவர்கள் தங்கள் உடலையே அடகு வைத்துக் கடன் வாங்கினார்கள். திருப்பித் தர முடியாதவர் அடிமை. சோலன் அந்தக் கடன்களை ரத்து செய்தார். இனி எவரும் உடலை ஈடு வைத்துக் கடன் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்று சட்டம் போட்டார். மக்கள் அதற்கு வைத்த பெயர் 'சுமை உதறல்'. எவ்வளவு அழகான பெயர், பாருங்கள்!

இதைப் பற்றி அவரே பாடிய கவிதை கிடைத்திருக்கிறது. அதில் கரிய மண்ணைத் தாயாக்கிச் சாட்சிக்கு அழைக்கிறார். அவள் மேனியெங்கும் கடனுக்கு அடையாளமாக ஊன்றியிருந்த கற்களைப் பிடுங்கியதாகவும், அடிமைப்பட்டிருந்தவள் விடுதலை பெற்றதாகவும் சொல்கிறார். அடுத்து வரும் வரிகள்தான் என்னை உலுக்கியவை. வெளிநாடுகளில் விற்கப்பட்டவர்களையும் ஊருக்கு மீட்டு வந்தாராம். ஊர் ஊராக அலைந்ததில் அவர்கள் நாக்கில் தாய்மொழியே தங்கவில்லையாம்! ஒரு நிமிடம் வீடியோவை நிறுத்திவிட்டு இதை நினைத்துப் பாருங்கள். பிறந்த மண்ணை மிதிக்கிறார்கள், எதிரே சொந்த அண்ணன் நிற்கிறான், 'அண்ணா' என்று கூப்பிடச் சொல் வரவில்லை. சட்டம் இயற்றிய ஒருவர் இதைக் கவனித்துப் பாட்டிலும் வைத்திருக்கிறார். எனக்கு இதற்காகவே அவரைப் பிடிக்கும்.

அவருக்கு முன் சட்டம் வகுத்த டிராகோ கொடுமைக்குப் பேர் போனவர். கொலைக் குற்றம் பற்றிய சட்டங்களைத் தவிர மற்றவற்றைச் சோலன் நீக்கினார். புதிய சட்டங்களைச் சுழலும் மரச்சட்டங்களில் எழுதி வைத்தார்கள். அதை மாற்று, இதைத் திருத்து என்று எவரும் நெருக்கக் கூடாது என்பதற்காக, 10 ஆண்டுகள் ஏதென்ஸை விட்டே போய்விட்டார்.

[திரையில்: பளிங்குச் சிற்பம்]

இது வாஷிங்டனில், அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் இருக்கிறது. உலகின் சட்டமேதைகள் 23 பேருடைய முகங்களை அங்கே பளிங்கில் வடித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சோலன். பத்திரிகைகள் சோலன் என்று அழைக்கும் உறுப்பினர்கள், இந்த முகத்துக்குக் கீழே அமர்ந்துதான் வாக்களிக்கிறார்கள்.