மேலட்டூர் நரசிம்மரும் சூப்பர் ஹீரோ படங்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

மார்வெல் நிறுவனத்தின் சூப்பர் ஹீரோ படங்களெல்லாம் சினிமாவே இல்லை, தீம் பார்க் மாதிரிதான் என்று 2019-இல் ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி சொல்லிவிட்டார். உலகம் முழுக்கச் சர்ச்சை. அதே வருஷம்தான் மார்வெலின் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' வந்தது. அதன் தமிழ்ப் பதிப்பில் அயர்ன் மேனுக்குக் குரல் கொடுத்தவர் நம் விஜய் சேதுபதி.

ஸ்கோர்செஸி மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும், நாயகனுக்கு அசாத்திய சக்தி இருக்கிறது என்பதற்காக ஒரு கதையைத் தள்ளிவைக்கக் காவிரிக்கரைக்காரனான எனக்கு மனம் வரவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து மேலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளா என்னும் நாட்டிய நாடகம் நடக்கும். பிரகலாதன் கதை, பாட்டு தெலுங்கில், பெண் வேஷமும் ஆண்களே கட்டுவார்கள். தூணிலிருந்து நரசிம்மர் வருவார் என்பது கூட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியும் கண் விழித்து உட்கார்ந்திருக்கிறார்களே, ஏன்? தாய் லீலாவதிக்காகவும்தான். கணவன் ஒரு பக்கம், பெற்ற பிள்ளை ஒரு பக்கம் என்று அவள் தவிக்கிற தவிப்பை அவசரமே இல்லாமல் ஆடுவார்கள். அதைப் பார்த்து மனசு கனத்த பிறகு வருவதால்தான் அந்தச் சிங்கமுகம் நம்மை உலுக்குகிறது.

2008-இல் வந்த 'தி டார்க் நைட்' என்ற பேட்மேன் படத்திலும் இதைப் பார்த்தேன். இரண்டு படகுகள், இரண்டிலும் வெடிகுண்டு. ஒன்றில் கைதிகள், இன்னொன்றில் ஊர் ஜனங்கள். அந்தப் படகை வெடிக்கவைக்கும் கருவி இந்தப் படகில், இதனுடையது அதில். முரட்டுக் கைதி ஒருவன் எழுந்து வந்து கருவியைக் கேட்டு வாங்குகிறான். நமக்குப் பதறுகிறது. அவனோ அதை ஜன்னல் வழியே தண்ணீரில் எறிந்துவிட்டுப் பேசாமல் போய் உட்கார்ந்துகொள்கிறான். அந்த இடத்தில் பேட்மேனே கிடையாது. இது சினிமா இல்லையென்றால் வேறு எது சினிமா?

கடைசி அரை மணி நேரம் கட்டடங்களாகச் சரிய, ஒருத்தருக்காகவும் நம் நெஞ்சு அடித்துக்கொள்ளாத படங்களும் வருகின்றன. அவற்றுக்காக நான் வாதாடப் போவதில்லை.

அப்புறம், ஸ்கோர்செஸி பிறகு ஒரு கட்டுரையில் இன்னொன்றும் எழுதினார்: பெரிய படங்களே திரைகளை அடைத்துக்கொள்கின்றன என்று. இதில் நான் முழுக்க அவர் கட்சி. இங்கேயும் பெரிய படம் வந்தால் சின்னத் தமிழ்ப் படத்துக்குக் காலைக் காட்சிதான். நல்லாயிருக்கு என்று பேச்சு பரவுவதற்குள் அடுத்த வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறது. கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி திரையரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அப்படிப்பட்ட படத்துக்கு இரண்டாவது வாரமும் ஒரு மாலைக் காட்சி கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.