அவன் நின்றால் தறியும் நிற்கும்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் குடியாத்தத்துக்காரி, வேலூரில் ஒரு பள்ளியில் இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். இன்றைக்குப் பேச வந்தது என் தம்பிக்கு அக்காவாக. நாற்பது வயதைத் தாண்டிவிட்டான், ஆட்டிசம் உள்ளவன், அதாவது பிறப்பிலிருந்தே மூளை வேறு விதமாக வேலை செய்கிறவன். உன்னைப் பற்றி ரேடியோவில் பேசட்டுமா என்று அவனிடமே கேட்டேன். "தறியைப் பத்திச் சொல்லு" என்றான். சரி, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டில் குழித்தறி இருந்தது. அப்பா குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து கைலி நெய்வார். குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட, டக் டடக், டக் டடக் என்று காலையில் தொடங்கும் சத்தம் விளக்கு வைக்கும் வரைக்கும் கேட்கும். தம்பி சுவரோரம் உட்கார்ந்து அந்தத் தாளத்துக்கு முன்னும் பின்னும் ஆடுவான், மணிக்கணக்காக. வீட்டுக்கு வருகிறவர்கள் "டேய், ஆடாதடா" என்று தோளைப் பிடித்து நிறுத்துவார்கள். அப்பா ஒரு நாளும் நிறுத்தியதில்லை. பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூலில், ஓர் இழை அறுந்தால், அது அப்பாவின் கண்ணில் படுவதற்குள் தம்பி ஆடுவதை நிறுத்திவிடுவான். ஒரே ஓர் இழைதான், நேயர்களே! அப்பா உடனே மிதியிலிருந்து காலை எடுத்து, விரலால் தடவிப் பார்த்து, அறுந்த இடத்தில் முடிச்சுப் போடுவார். "அவன் நின்னா தறியும் நிக்கணும்" என்பார். அவன் ஆடுவதைக் குறையாகப் பார்க்காத முதல் ஆள் எங்கள் அப்பாதான்.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், அரசாங்கப் படிவங்களில் ஆட்டிசத்துக்கு ஒரு பெயர் போட்டிருக்கிறார்கள், 'புற உலகச் சிந்தனையற்ற' என்று. சான்றிதழ் வாங்கப் போன நாளில் அதைப் படித்துவிட்டு அந்த இடத்திலேயே அழுதேன். ஓர் இழை அறுவதைக் கேட்கிறவனுக்கா புற உலகச் சிந்தனை இல்லை? அவனுக்குப் புற உலகம் நம்மைவிட அதிகமாகவே வந்து சேர்கிறது. குக்கர் விசில் நமக்கு வெறும் சத்தம், அவனுக்குக் காதில் ஊசி. பழைய பஸ் ஸ்டாண்டில் ஏர் ஹார்ன் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். அந்த ஹார்ன் சட்டப்படியே கூடாது. ஆனாலும் அடிக்கிறவரை யாரும் கேட்பதில்லை, உட்கார்ந்தவனைத்தான் சுற்றி நின்று பார்க்கிறார்கள். "இன்னாம்மா, எப்பதான் சரியாவான்?" என்று என்னிடம் கேட்கிறார்கள்.

இந்த 'சரியாவான்' என்ற பேச்சைத்தான் நான் வருஷக்கணக்காக எதிர்த்துக்கொண்டிருக்கிறேன். உடம்பும் மூளையும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஓர் அளவு வைத்து, அதில் அடங்காதவர்களைக் குறைத்து நினைப்பதை ஏபிலிசம் என்கிறார்கள். ஆட்டிசம் உள்ள ஜிம் சின்க்ளேர் என்பவர் 1993இல் கனடாவில் டொராண்டோ மாநாட்டில் பெற்றோரைப் பார்த்து, எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்று சொன்னார். நீங்கள் எதிர்பார்த்த பிள்ளைக்காக அழுகிறீர்கள், நாங்கள் இதோ இருக்கிறோம் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். அந்த நேரத்தில் எங்கள் அம்மா, தம்பி சரியாக வேண்டும் என்று கெங்கையம்மன் கோயிலில் வேண்டுதல் வைத்துக்கொண்டிருந்தார்.

கெங்கையம்மன் என்றதும், அம்மனின் தலையை ஊர்வலமாகக் கொண்டுவரும் சிரசுத் திருவிழா ஞாபகம் வருகிறது. வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் எவ்வளவு கூட்டம் என்று உங்களுக்குத் தெரியும். பம்பை, பட்டாசு, தேங்காய் உடைக்கிற சத்தம். எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் தம்பியோடு வீட்டுக்குள்ளேயே இருப்போம், கதவு ஜன்னலெல்லாம் சாத்திக்கொண்டு. ஒரு வருஷம் அவனே "நானும் பாக்கணும்" என்றான். சத்தம் கேட்காமல் இருக்கக் கட்டட வேலைக்காரர்கள் காதில் மாட்டுகிறார்களே, அந்தக் காது மூடியை வாங்கி வந்து மாட்டிவிட்டோம், மொட்டை மாடியில் நாற்காலி போட்டோம். அத்தைக்குக் கோபம். "காதுல இதை மாட்டிக்கினு நின்னா ஊரு சிரிக்காதா?" என்றார். தெரு முனையில் சிரசு தெரிந்தபோது தம்பி எழுந்து நின்று கும்பிட்டான். கூட்டம் கடைசியாகக் கலைகிற வரைக்கும் உட்காரவில்லை. அவனுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பிறந்த ஊரின் திருவிழாவை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தான், முப்பத்திரண்டு வயதில்.

1990இல் ஒரு பள்ளி அவனைச் சேர்க்க மறுத்தது, மற்ற பிள்ளைகள் கெட்டுப்போவார்களாம். அப்போது கேட்க எங்களுக்குச் சட்டமும் இல்லை. 1995இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைதான், அதிலும் ஆட்டிசம் கிடையாது. 2016 சட்டத்தில்தான் 21 வகை ஆக்கி அதையும் சேர்த்தார்கள். அரசு அங்கீகாரம் உள்ள பள்ளி எதுவும் இப்போது பாகுபாடு காட்டக்கூடாது, பிள்ளைக்குத் தேவையான வசதியைச் செய்து தர வேண்டும். என் வகுப்பில் ஒரு பையன் பின்னால் நின்றுகொண்டேதான் எழுதுவான், ஜன்னல் திண்டில் நோட்டை வைத்து. நிற்கட்டுமே, கணக்கு சரியாக வருகிறது.

ஆளுக்கு ஏற்ற மாதிரி இடத்தை மாற்றுவது நம்ம வேலூருக்குப் புதிதில்லை. சி.எம்.சி. ஆஸ்பத்திரி டாக்டர் மேரி வர்கீஸை வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1954 கார் விபத்துக்குப் பிறகு அவரால் நடக்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நடந்தால்தான் டாக்டர் என்று அந்த ஆஸ்பத்திரி சொல்லவில்லை, உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையைக் கொடுத்தது. பிறகு மறுவாழ்வு மருத்துவத் துறைக்கே தலைமை ஏற்றார், 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. 1972இல் பத்மஸ்ரீ வாங்கினார். சக்கர நாற்காலிக்கு அன்றைக்கே இடம் கொடுத்த ஊர் இது. காதைப் பொத்திக்கொள்கிறவனுக்கும் அதே ஊர் இடம் கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். வேலை, கூலி பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம், அதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லோருக்கும் சேர்த்து 1 சதவீதம்தான். அதையாவது கேட்டு வாங்குங்கள். தம்பி இப்போது பக்கத்துத் தெருவில் தார் சுற்றுகிறான், அதாவது நாடாவுக்குள் வைக்கிற நூலைச் சுற்றித் தருகிறான். மற்றவர்களுக்குக் கொடுக்கிற கூலியில் பாதிதான் அவனுக்குக் கொடுத்துவந்தார்கள், "அவனுக்கு எதுக்கும்மா காசு" என்று. அவனையும் கூட்டிக்கொண்டு போய், அவன் சுற்றிய தாரையும் மற்றவர் சுற்றியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொன்னேன். போன பொங்கலிலிருந்து முழுக் கூலி வருகிறது. வணக்கம்.