இரண்டு லட்சம் பேர் எங்கிருந்து வந்தார்கள்?

[திரையில்: மாலை 5 மணி. ஒரு திண்ணை, சுவரில் சாய்த்து வைத்த கரும்பலகை, பாயில் பிள்ளைகள்.]

டியூஷன் என்றாலே காசு கொடுத்துப் படிப்பதுதான் நமக்குப் பழக்கம். அதையே இலவசமாக, மாநிலம் முழுக்கக் கொடுக்கத் தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்ற மாலை வகுப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது முதலில் இடித்த கேள்வி இது: சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே?

தமிழ்நாட்டில் கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய 1 முதல் 8 வரையிலான வகுப்புகள், 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. அன்று மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளை இரண்டாம் வகுப்பறையைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27-ல், விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. முதலில் 12 மாவட்டங்கள், அப்புறம் மாநிலம் முழுக்க.

பகலெல்லாம் பாடம் எடுத்த ஆசிரியரையே மாலையிலும் நிறுத்தியிருந்தால் திட்டம் சில வாரங்களில் மூச்சு வாங்கியிருக்கும். அதனால் வேலையைச் சின்னதாக நறுக்கினார்கள். ஒரு தன்னார்வலருக்கு 20 பிள்ளைகள் வரை. மாலை 5 முதல் 7-க்குள் ஒன்று, ஒன்றரை மணி நேரம். அதுவும் குடியிருக்கும் பகுதியிலேயே. ஐந்தாம் வகுப்பு வரை சொல்லிக்கொடுக்க பிளஸ் டூ போதும்; 6 முதல் 8-க்குப் பட்டப்படிப்பு. வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். படித்துவிட்டு, கல்யாணமாகி, வேலைக்குப் போக வழியில்லாமல் வீட்டில் இருப்பவர் தெருவுக்கு ஒருவராவது உண்டே! அதுவரை அவர்களை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

[திரையில்: எதிர்வீட்டுக்கு நோட்டோடு ஓடும் சிறுமி.]

தூரம் குறைந்ததும் பெரிய விஷயம். பொழுது சாயும் நேரத்தில் ஆறு வயதுப் பிள்ளையை அடுத்த ஊர் டியூஷனுக்கு அனுப்ப அம்மா யோசிப்பார். எதிர்வீட்டு அக்காவிடம் என்றால் யோசிக்க மாட்டார். பிள்ளை வரவில்லையா? அக்காவே வாசலில் நின்று குரல் கொடுத்துவிடுவார்.

2022-க்குள் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், 33 லட்சம் பிள்ளைகள். பலன்? கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் தமிழகக் கிராமப்புறப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள், விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்பது அவர்கள் கணக்கு.

சரி, செலவு? தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது. அதை மட்டும் பெருக்கி வகுத்தால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 700 ரூபாய்க்குச் சற்று மேல். அரசுக்கு மலிவுதான். ஆனால் அந்த அக்காவின் பக்கம் இருந்து பாருங்கள்: ஒரு மாலைக்கு 50 ரூபாய்கூடத் தேறாது. நெருக்கடி நேரத்தில் நல்ல மனசை நம்பித் தொடங்கலாம். வருஷக்கணக்கில் அதையே நம்பி ஓட்டுவது நியாயமில்லை. அதிலும் எட்டாம் வகுப்புக் கணக்கு சொல்லித்தரத் தெரிந்த பட்டதாரிக்கு டவுனில் வேறு வேலை கிடைத்துவிடும். இப்படியொரு திட்டத்தை 6 முதல் 8 வரையிலான வகுப்புகளிலும் நீடித்து நடத்த நினைப்பவர்கள் முதலில் அந்த 1,000 ரூபாயைத்தான் கூட்ட வேண்டும்.